பூவை எடுத்தாச்சு… மிச்சம் என்ன ஆகும்? கஞ்சா அறுவடைக் கழிவும் அதைச் சுற்றி நிற்கும் சட்டமும்

2018 அக்டோபர் 17. கனடாவில் கஞ்சா விற்பனை சட்டபூர்வமான நாள். கடைகள் முன்னால் நீண்ட வரிசை, வரி வருமானம், பங்குச் சந்தை என்று உலகம் முழுக்கப் பேசியாயிற்று. ஆனால், பண்ணைகளுக்குப் பின்புறம் குவிந்த தண்டு, இலை, வேர் பற்றி அன்றைக்குப் பெரிதாக யாரும் பேசவில்லை.

கஞ்சாச் செடியில் காசு கொடுப்பது பூ மட்டும்தான். மற்றதெல்லாம் மிச்சம். கரும்பில் சாறு போனால் சக்கை, நெல்லில் அரிசி போனால் வைக்கோல், தவிடு, உமி. எல்லாவற்றுக்கும் நம் விவசாயிகளிடம் ஒரு வேலை இருக்கிறது. கஞ்சாவின் மிச்சத்துக்கும் வேலை இருக்கிறது. துணியிலிருந்து சுவர் வரை. ஆனால், இந்த மிச்சத்தைத் தொடும் முன்னால் சட்டத்தைக் கேட்க வேண்டும். இந்தச் செடியில் எது கழிவு, எது பொருள், எது குற்றம் என்பதைச் செடி தீர்மானிப்பதில்லை, சட்டம் தீர்மானிக்கிறது. அது எப்படி? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செடியில் எது சரக்கு, எது மிச்சம்?

போதை தரும் வேதிப்பொருளின் பெயர் டி.ஹெச்.சி. பெண் செடியின் பூக்களில், பிசின் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகளில்தான் இது அதிகம். பூவை ஒட்டி இருக்கும் சின்ன இலைகளிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அவற்றைக் கத்தரித்து, சாறு எடுக்க அனுப்பிவிடுவார்கள். ஆக, அது கழிவுக் கணக்கில் வராது.

கழிவு என்று நிற்பவை நான்கு. விசிறி போல விரிந்த பெரிய இலைகள், தண்டும் கிளைகளும், வேர், கடைசியாகச் சாறு எடுத்தபின் மிஞ்சும் சக்கை. தண்டிலும் வேரிலும் டி.ஹெச்.சி மிக மிகக் குறைவு.

உள்ளரங்கில் வளர்க்கும் பண்ணைகளில் இன்னொன்றும் சேரும்: செடி வேர்விட்டு நின்ற ஊடகம். சில இடங்களில் அது ராக்வுல் எனப்படும் பாறை இழை. கல்லை உருக்கி நூற்ற இழை என்பதால் மக்காது. சில இடங்களில் அது தேங்காய் நார்த்தூள். ஆமாம், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டி கட்டியாகக் கப்பலேறிப் போகிறதே, அதே வகைச் சரக்குதான். அது மக்கும்.

குப்பையில் போட்டால் என்ன பிரச்சினை?

தண்டு, இலைதானே, தூக்கிப் போட்டால் போச்சு என்று தோன்றலாம். முடியாது. குப்பைத் தொட்டியில் கிடப்பதை யாராவது எடுத்துப் பயன்படுத்தலாம், விற்கலாம், குழந்தையோ நாயோ தின்றுவிடலாம். இந்த அச்சத்தில்தான் சட்டபூர்வமாக்கிய அரசுகள் கழிவுக்குத் தனி விதி எழுதின.

அமெரிக்காவில் 2012 வாக்கெடுப்பில் கஞ்சாவை அனுமதித்த முதல் இரு மாநிலங்கள் கொலராடோவும் வாஷிங்டனும். இரண்டிலும் ஒரே மாதிரியான விதி வந்தது. கழிவை அரைக்க வேண்டும். அதோடு கஞ்சா அல்லாத வேறு கழிவைக் கலக்க வேண்டும். கலவையில் குறைந்தது பாதி அந்த வேறு கழிவாக இருக்க வேண்டும். காகிதம், உணவுக் கழிவு, மண், எதுவானாலும் சரி.

நோக்கம் நல்லதுதான். விளைவு? 100 கிலோ தண்டை ஒழிக்க இன்னொரு 100 கிலோ குப்பையைத் தேட வேண்டிய நிலை. குப்பைக் கிடங்குக்குப் போகும் லாரியின் எடை இரண்டு மடங்கு. சுத்தமான, உலர்ந்த, நாராகப் பிரிக்கத்தக்க தண்டு, உணவுக் கழிவோடு கலந்துவிட்டால் அப்புறம் எதற்கும் உதவாது.

கனடாவில் அழிப்பதற்குச் சாட்சிகளும் பதிவேடும் வேண்டும். புகையை யாரும் சுவாசிக்கும்படி எரிக்கக் கூடாது. மருத்துவத் தேவைக்காக வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறை சொன்ன வழி இன்னும் எளிது: தண்ணீர் விட்டு அரையுங்கள், வாடை தெரியாமல் இருக்கப் பூனைக் கழிவுக்குப் போடும் மணலோடு கலந்து குப்பையில் போடுங்கள். அவ்வளவுதான்.

பிறகு என்ன மாறியது?

செடியைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். கனடாவின் கஞ்சா சட்டத்திலேயே இரண்டாவது அட்டவணை ஒன்று உண்டு. எதெல்லாம் ‘கஞ்சா’ ஆகாது என்று அது பட்டியல் போடுகிறது. முளைக்காத விதை, இலை - பூ - விதை - கிளை எதுவும் ஒட்டாத முதிர்ந்த தண்டு, அந்தத் தண்டிலிருந்து எடுத்த நார், வேர். இந்த நான்கும் சட்டத்தின் பார்வையில் கஞ்சா அல்ல.

இதில் நுணுக்கம் ‘எதுவும் ஒட்டாத’ என்பதில்தான் இருக்கிறது. தண்டில் ஓர் இலை ஒட்டியிருந்தால் அது கஞ்சாக் கழிவு, அழிக்க வேண்டும். இலையை உரித்துவிட்டால் அது வெறும் தண்டு, விற்கலாம். ஆக, உரிப்பதற்கு ஆகும் கூலிதான் கழிவுக்கும் பொருளுக்கும் நடுவே நிற்கிறது.

கொலராடோவும் பின்னர் தன் விதிகளில் ‘நார்க்கழிவு’ என்று ஒரு தனி வகையைச் சேர்த்தது. வேர், தண்டு, காம்பு ஆகியவற்றைத் தொழில்துறை நார்ப் பொருள்கள் செய்பவர்களுக்கு அனுப்ப வழி பிறந்தது.

சரி, மிச்சத்தை வைத்து என்னவெல்லாம் செய்யலாம்?

உரம்: இருப்பதிலேயே எளிய வழி. பச்சை இலையில் தழைச்சத்து அதிகம், காய்ந்த தண்டில் கரிமம் அதிகம். கரிமம் 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து 1 பங்கு என்ற அளவில் குவியல் அமைந்தால் நன்றாகச் சூடேறி மக்கும். அதனால் இலையையும் தண்டையும் சரியான அளவில் கலந்தாலே பாதி வேலை முடிந்தது. கனடாவில் சில பண்ணைகள் ‘பொகாஷி’ என்ற ஜப்பானிய முறையைப் பிடித்துக்கொண்டன. நுண்ணுயிர் ஏற்றிய தவிட்டைத் தூவி, காற்றுப் புகாமல் மூடி, புளிக்கவைக்கும் முறை. நம் வீட்டில் மாவு புளிப்பது போன்ற சங்கதிதான். புளித்த கழிவை யாரும் புகைக்க முடியாது. சட்டம் கேட்பதும் நடந்துவிடுகிறது, மண்ணுக்கு உரமும் கிடைத்துவிடுகிறது.

காளான்: தண்டின் உள்கட்டையை நொறுக்கிக் கொதிநீரில் பதப்படுத்தினால் சிப்பிக் காளானுக்கு நல்ல படுக்கை. நம்மூரில் வைக்கோலில் வளர்ப்பது போலவே.

எரிபொருள், கரி: உலர்ந்த தண்டை உருளைகளாக அழுத்தி எரிக்கலாம். காற்றுக் குறைவான உலையில் சூடேற்றிக் கரியாக்கி நிலத்தில் இடலாம். சாறு எடுத்த சக்கையைச் சாண எரிவாயுக் கலன் போன்ற அமைப்பில் போட்டு வாயு எடுக்கலாம்.

படுக்கை, சுவர்: கஞ்சாத் தண்டுக்குள் இரண்டு பொருள் இருக்கின்றன. வெளியே நார்ப்பட்டை, உள்ளே மரம் போன்ற உள்கட்டை. எடையில் பெரும்பங்கு உள்கட்டைதான். ஐரோப்பாவில் இந்தச் செடியை அதிகம் பயிரிடும் நாடான பிரான்ஸில் நார் காகித ஆலைக்குப் போகும். உள்கட்டை நன்றாக ஈரம் உறிஞ்சும் என்பதால் குதிரை லாயத்தில் பரப்புவார்கள்.

அதே உள்கட்டையைச் சுண்ணாம்போடும் தண்ணீரோடும் பிசைந்தால் ‘ஹெம்ப்கிரீட்’. பெயரில் கான்கிரீட் வாடை அடித்தாலும் இது கூரையைத் தாங்காது. மரச் சட்டத்துக்கு நடுவே நிரப்பும் பொருள்தான். சாதாரணக் கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ என்றால், இது பெரும்பாலும் 300 - 400 கிலோதான். வெப்பத்தை எளிதில் கடத்தாது, பூச்சி அரிப்பது குறைவு, செடி வளரும்போது உறிஞ்சிய கரிமமும் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். குறை? காய வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் வீடு கட்டுவதற்கான மாதிரி விதித் தொகுப்பின் 2024 பதிப்பில் ஹெம்ப் - சுண்ணாம்புச் சுவருக்குத் தனிப் பின்னிணைப்பே சேர்ந்திருக்கிறது.

மாட்டுக்குப் போடலாமா?

நம் ஆட்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஜெர்மனியின் அரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் 10 கறவை மாடுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தது. முடிவுகள் 2022இல் ‘நேச்சர் ஃபுட்’ ஆய்விதழில் வெளியாயின. கொடுத்தது போதைக் கஞ்சாகூட இல்லை. தொழில்துறைக்காக வளர்த்த ஹெம்ப் செடியின் ஊறுகாய்ப்புல். பூவும் இலையும் கலந்த தீவனத்தைத் தின்ற மாடுகள் அடிக்கடி கொட்டாவி விட்டன, எச்சில் வடித்தன, நடையில் தள்ளாடின. தீனி குறைந்தது, பாலும் குறைந்தது. முக்கியமான சேதி: பாலில் டி.ஹெச்.சி இருந்தது. தீவனத்தை நிறுத்திய பிறகும் சில நாள்கள் தென்பட்டது.

அந்தப் பாலைக் குடிப்பது குழந்தைகளும்தான் என்று யோசித்தால் போதும், ஏன் தீவன விஷயத்தில் நாடுகள் தயங்குகின்றன என்று புரியும். சாறு முழுமையாக எடுத்த சக்கையை ஆடு, மாடுகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்துவருகின்றன.

இன்னொன்றும் உண்டு. கஞ்சாச் செடி மண்ணிலிருக்கும் காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சக்கூடியது. அதனால் தீவனமோ உரமோ, எதுவானாலும் சோதித்துப் பார்த்தபின்தான்.

அப்படின்னா எல்லாத் தண்டும் காசா?

இல்லை. இணையத்தில் சுற்றும் ‘கஞ்சாக் கழிவில் கோடி கோடி’ வகைக் காணொலிகள் சொல்லாமல் விடும் இடம் இது.

நாருக்காக வளர்க்கும் செடியை நெருக்கி விதைப்பார்கள். வெளிச்சத்துக்குப் போட்டிபோட்டு, கிளைவிடாமல், ஒல்லியாக ஓர் ஆளின் உயரத்தைத் தாண்டிப் போகும். நீளமான நார் கிடைக்கும். பூவுக்காக வளர்க்கும் செடியோ நேரெதிர். இடைவெளி விட்டு நட்டு, நுனி கிள்ளி, புதராகப் படரவிடுவார்கள். தண்டு குட்டை, கணுவுக்குக் கணு கிளை. அதில் நல்ல நூல் எடுப்பது கடினம். உள்கட்டை, கரி, உரம் என்று போகலாமே தவிர, சட்டைத் துணி ஆகாது.

அதோடு, ஒவ்வொரு பண்ணையிலும் மிஞ்சுவது கொஞ்சம், அதுவும் ஈரமாக. உடனே உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பல ஊர்களிலிருந்து திரட்டி, உலர்த்தி, நார் பிரிக்கும் இயந்திரத்துக்குக் கொண்டுபோகும் செலவு, பொருளின் விலையைத் தாண்டிவிடலாம். அதனால் பண்ணைக்குள்ளேயே மக்கவைப்பதுதான் பலருக்குக் கட்டுப்படியாகும் வழி.

ஹெம்ப் என்றால் சணலா?

இல்லை. தமிழில் இந்தக் குழப்பம் நிறைய. கோணிப்பை செய்யும் சணல் வேறு செடி. நிலத்துக்கு உரமாக மடக்கி உழும் சணப்பை இன்னொரு செடி. ஹெம்ப் என்பது கஞ்சாவின் அதே இனம், டி.ஹெச்.சி மிகக் குறைவாக இருக்கும்படி தேர்ந்தெடுத்த வகை. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இப்போதைய எல்லை 0.3 சதவீதம். அதற்குக் கீழே இருந்தால் பயிர், மேலே போனால் போதைப்பொருள்.

இந்தியாவுக்கு இந்தத் தண்டு புதிதும் அல்ல. எல்லோரா குகைகளின் மண் பூச்சில் கஞ்சாச் செடியின் நாரும் துணுக்குகளும் கலந்திருப்பதை 2016இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. பூச்சு பூச்சி அரிக்காமல் நிலைத்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இது கலக்கப்படாத அஜந்தாவில் ஓவியங்களைப் பூச்சிகள் அதிகம் சேதப்படுத்தியிருப்பதை அவர்கள் ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள்.

உத்தராகண்ட் மலைக் கிராமங்களில் இன்றைக்கும் வயதானவர்களுக்குத் தெரியும். தண்டை ஓடை நீரில் ஊறப்போட்டு, பட்டையை உரித்து, கயிறு திரிப்பார்கள். முரட்டுத் துணி நெய்வார்கள். விதையை வறுத்து அரைத்தால் குமாவுன் வீடுகளின் புகழ்பெற்ற சட்னி. ஹிமாச்சலின் குலு பக்கம் இந்த நாரில் ‘பூலா’ என்ற செருப்பு பின்னுவார்கள். தோல் இல்லாததால் கோயிலுக்குள்ளும் அணியலாம். ஆக, அங்கே தண்டு என்றைக்கும் கழிவாக இருந்ததில்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

1961ஆம் ஆண்டின் சர்வதேசப் போதைப்பொருள் உடன்படிக்கையும், அதையொட்டி வந்த இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் ‘கஞ்சா’வை ஏறக்குறைய ஒரே மாதிரி வரையறுக்கின்றன. பூவோ காயோ விட்ட நுனிப் பகுதிதான் கஞ்சா. அந்த நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் அதில் வராது. வட இந்தியாவில் அரசு உரிமத்தோடு பாங்குக் கடைகள் இருப்பது இந்த ‘இலை’ விலக்கால்தான்.

ஆனால், செடியை வளர்ப்பது வேறு விஷயம். அனுமதி இல்லாமல் வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை. மொட்டை மாடித் தொட்டியில் ஒரு செடி வைத்தாலும் இதே பிரிவுதான். நாருக்கோ விதைக்கோ மட்டும் வளர்க்க அரசு அனுமதி தரலாம் என்று 14ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கதவு 1985 முதலே இருந்தாலும், அதைத் திறந்து முதலில் உரிமம் தந்த மாநிலம் உத்தராகண்ட், 2018இல்.

அங்கேயும் 0.3 சதவீத எல்லைதான் தலைவலி. மலையில் தலைமுறைகளாக முளைக்கும் நாட்டு வகைகள் பல அந்த எல்லையைத் தாண்டுபவை. தாத்தா கயிறு திரித்த அதே செடி, பேரனின் வயலில் சோதனையில் தோற்கலாம்.

கிலோக் கணக்கில் ஒரு சிக்கல்

தண்டு, இலை என்பது இந்திய நீதிமன்றங்களில் சிறைவாசத்தைத் தீர்மானிக்கும் கேள்வியாகவும் இருக்கிறது. எப்படி?

கஞ்சா வழக்கில் 20 கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’. தண்டனை குறைந்தபட்சம் 10 ஆண்டு; ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம், ஏனெனில் 37ஆவது பிரிவு தனி நிபந்தனைகளைப் போடுகிறது. இப்போது ஒரு மூட்டையில் 22 கிலோ பிடிபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே பூ மட்டும் இல்லை. தண்டு, இலை, விதை எல்லாம் கலந்திருக்கிறது. மொத்தத்தையும் எடை போட்டால் வணிக அளவு. நுனியைப் பிரித்து எடை போட்டால் அதற்குக் கீழே வரலாம். பல உயர் நீதிமன்றங்களில் ஜாமீன் மனுக்களில் இந்த வாதம் எழுந்திருக்கிறது. பிரித்து எடை போடவில்லை என்ற காரணத்தைக் கருதி ஜாமீன் தந்த உத்தரவுகளும் உண்டு. கனடாவில் அரை டாலர் தண்டுக்கான கேள்வி, இங்கே ஒருவர் எத்தனை ஆண்டு உள்ளே இருப்பார் என்ற கேள்வி.

பிடிபடும் கஞ்சாவை ஏன் உரமாக்கக் கூடாது?

தமிழ்நாட்டில் காவல் துறை பறிமுதல் செய்யும் கஞ்சா, அழிப்புக் குழுவின் முன்னிலையில் எரிக்கப்படுகிறது. சென்னையில் பிடிபடுவது பெரும்பாலும் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள மருத்துவக் கழிவு எரியூட்டும் ஆலைக்குப் போகும். ‘இவ்வளவையும் எரிப்பதற்குப் பதில் மக்கவைக்கலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு.

மேலே பார்த்த மிச்சமும் இதுவும் ஒன்றல்ல. அங்கே பூவைப் பிரித்தெடுத்த பிறகான தண்டு. இங்கே மூட்டைக்குள் இருப்பது சரக்கும் தண்டும் சேர்ந்தது, வழக்கின் சாட்சியும்கூட. மக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை காவல் காக்க வேண்டும். திருடு போனால் யார் பதில் சொல்வது? எரித்தால் ஒரே நாளில் கணக்கு முடிந்துவிடும். அதனால் இப்போதைக்கு நெருப்புதான்.

நாம் வாங்குவதில் என்ன கவனிக்கணும்?

* ஹெம்ப் விதை, விதை எண்ணெய், மாவு ஆகியவற்றை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் உணவாக அங்கீகரித்தது. விதையில் டி.ஹெச்.சி ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உரிம எண் இருக்கிறதா என்று பாக்கெட்டில் பாருங்கள்.
* ஹெம்ப் சட்டை, பை போன்றவற்றை வாங்குவதில், அணிவதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் கலப்புத் துணியா, முழு ஹெம்ப்பா என்று பார்த்து விலை கொடுங்கள்.
* ‘விஜயா’ என்ற பெயரில் வரும் இலைச் சாறு ஆயுர்வேத மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் இணையத்தில் வாங்கிக் குடிப்பது வேண்டாம்.
* கனடாவில் கடையில் வாங்கியதை ‘அங்கே சட்டபூர்வம்தானே’ என்று பெட்டியில் வைக்காதீர்கள். அந்த நாட்டு எல்லையைக் கஞ்சாவோடு தாண்டுவது அங்கேயே குற்றம். இங்கே இறங்கினால் அதைவிடப் பெரிய குற்றம்.

அடுத்து என்ன?

பொள்ளாச்சிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நார் எடுத்தபின் மிஞ்சும் தேங்காய் நார்த்தூள், ஒரு காலத்தில் யாரும் சீண்டாத குவியல். கழுவிக் கட்டியாக்கும் இயந்திரமும், வாங்க ஆளும் வந்த பிறகு அது ஏற்றுமதிச் சரக்கு. கஞ்சாத் தண்டுக்கு இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் தேவைப்படுகிறது: எது தண்டு, எது போதை என்று வயலிலேயே சோதித்துச் சொல்லும் ஏற்பாடு.

2025 தொடக்கத்தில் ஹிமாச்சலப் பிரதேச அமைச்சரவை, கட்டுப்பாட்டோடு கஞ்சா பயிரிடுவது பற்றிய முன்னோடி ஆய்வுக்கு ஒப்புதல் தந்தது. மாநிலத்தின் இரண்டு வேளாண், தோட்டக்கலைப் பல்கலைக்கழகங்களிடம் அந்த வேலை போயிருக்கிறது. நார் தரும், டி.ஹெச்.சி குறைந்த விதையை மலைக்கு ஏற்றபடி உருவாக்க முடிந்தால் அங்கே தண்டு மறுபடி கயிறாகலாம், சுவராகலாம். முடியாவிட்டால் உரிமம் பெற்ற விவசாயிக்கும், அறுவடைக்கு முந்தைய சோதனை முடிவுதான் பயிரா வழக்கா என்று சொல்லும்.